காதுக்காரர் சொன்ன விலை

காதுக்காரர் வீட்டில் முதலில் காணாமல் போனது குழாயின் சத்தம். தண்ணீர் வந்தது, வாளி நிறைந்தது, வழிந்து தரையிலும் ஓடியது. சத்தம் மட்டும் இல்லை. ரிப்பேர் பார்க்க வந்தவர் திருகிப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஒழுங்காக வருகிற குழாயில் தான் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி, வந்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு போனார். அவர் சொன்னதும் நியாயம்தான். மறுநாள் வாசல் மணி போனது. பொத்தானை அழுத்தினால் சுவருக்குள் ஏதோ துடித்தது, காதில் விழவில்லை. பால்காரர் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று நினைத்துப் பாலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இதெல்லாம் எதனால் என்று காதுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருந்தால், பாவம் மனுஷன் என்று விட்டுவிடலாம்.

அவருடைய தொழில் பெட்டிகளுக்கு விலை சொல்வது. பாட்டு இப்போதெல்லாம் எண்களாகத்தான் வருகிறது. அந்த எண்களை மறுபடி சத்தமாக்கித் தருகிற பெட்டிக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்குகிற மலிவுப் பெட்டியும் உண்டு, கார் விலைக்கு விற்கிற பெட்டியும் உண்டு. திறந்து பார்த்தால் சில சமயம் இரண்டிலும் ஒரே சில்லுதான் இருக்கும். மிச்ச விலையெல்லாம் வெளியே போர்த்திய தடித்த அலுமினியத்துக்கு. வாங்குகிறவனுக்கு இது தெரியாது, விற்கிறவன் வாயைத் திறக்க மாட்டான். நடுவில் நின்று உள்ளதைச் சொல்ல அந்த வட்டாரத்தில் இருந்தது இவர் ஒருவர்தான். பெட்டியின் முகத்தை அவர் பார்க்கவே மாட்டார். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடச் சொல்வார். கனமான திருகையும் நீல விளக்கையும் கண் பார்த்துவிட்டால் காது லஞ்சம் வாங்கிவிடும் என்பார்.

மற்றவர்கள் பெரிய பாடகர்களின் பாட்டைப் போட்டுச் சோதிப்பார்கள். அந்தப் பாடகர் நேரில் எப்படிப் பாடுவார் என்று எவன் கண்டான் என்று காதுக்காரர் சிரிப்பார். அவர் முறை வேறு. அன்று காலையில் வீட்டுக் குழாயைப் பதிவு செய்வார், வாசல் மணியைப் பதிவு செய்வார், கடைசியாக மனைவியின் குரலைப் பதிவு செய்வார். பிறகு பெட்டியில் அதைப் போட்டு, கூடவே அசலையும் கேட்பார். மனைவி எப்போதும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வாள்: "என்னங்க, சாப்பிட வாங்க, ஆறிடப் போகுது." அவள் தினமும் சொல்லிப் பழகியது அதுதான். அசலுக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு விலை. ஒரு விதியை மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததே கிடையாது. இரண்டு சத்தமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஏனென்றால் உரக்கக் கேட்பதைக் காது நல்லது என்று நம்பிவிடும். அப்படிச் சமமாக்கும்போது பெட்டிதான் ஏறவோ இறங்கவோ வேண்டும், அசலைத் தொடக் கூடாது. நகையை அடகு வைத்துப் பெட்டி வாங்க வருகிறவர்களைப் பார்த்து, "கண்ணை வித்துச் சித்திரம் வாங்குற கதையால்ல இருக்கு" என்று மனைவி கேலி செய்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்படிப் பல வருடங்கள் போன பிறகுதான், பெட்டி விற்கிற கடைக்காரர் ஒருவர் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். செய்தவர் பெயர் அதில் இல்லை. மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அது கதகதவென்று இருந்தது. முதலில் குழாயைப் போட்டார்கள். காய்ந்த வாளியின் அடியில் முதல் சொட்டு விழுவதும், அடுத்த சொட்டு ஈரத்தின் மேல் விழுவதும் தனித்தனியாகக் கேட்டன. நம் வீட்டுக் குழாயைவிட இது நன்றாக இருக்கிறதே என்று காதுக்காரர் மனதுக்குள் நினைத்தார். அவ்வளவுதான், குழாய் ஊமையானது. மறுநாள் மணிக்கும் அப்படியே நடந்தது. பெட்டியை எடுத்துப் போகச் சொன்னார். கடைக்காரர் துண்டைக்கூட எடுக்கவில்லை. "அண்ணியை வச்சுக் கேக்காம நீங்க விலை சொன்னதே இல்லையேண்ணே. மேட்டுத் தெருவில இதை வாங்க ஆள் காத்துக்கிட்டு இருக்கார்" என்றார்.

மனைவிக்கும் விஷயம் தெரியும். சத்தமில்லாத வாளிக்கு முன்னால் உட்கார்ந்து பாத்திரம் கழுவியவள் அவள்தானே. "இத்தனை வருஷம் என் குரலை வச்சுத்தான் சம்பாதிச்சீங்க. பெட்டியா நானான்னு எனக்கும் தெரியட்டும்" என்றாள், பாதி விளையாட்டாக. வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அடுப்படிக்குப் போயிருப்பாள். அவர் சொல்லவில்லை. அவருக்குப் பயம் ஒரு பங்கு என்றால் ஆசை மூன்று பங்கு.

பெட்டி தணிந்த குரலில் பேசியது. ஆம்ப்ளிஃபயரின் திருகை எவ்வளவு திருப்பியும் அது தன் அளவை விட்டு ஏறவில்லை. இரண்டும் சமமாகாமல் விலை சொல்ல முடியாது. காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியின் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் மெதுவாச் சொல்லு" என்றார். சொன்னாள். "இன்னும் கொஞ்சம்." சொன்னாள். "இன்னும்." ஒருவழியாக இரண்டும் ஒன்றாயின. பெட்டிக்குள் இருந்த குரலில், 'என்னங்க' என்பதற்கு முன்னால் அவள் இழுக்கிற சின்ன மூச்சு இருந்தது. அலுப்பு இருந்தது. அலுப்புக்கு அடியில் அவர் மேல் அவளுக்கு இருந்த பிரியமும் இருந்தது. பக்கத்திலேயே நின்றவளிடம் இத்தனை காலத்தில் ஒரு நாளும் அதை அவர் கேட்டதில்லை. பழக்க தோஷம், கண்ணைத் திறக்காமலேயே விலையைச் சொல்லிவிட்டார்: மேட்டுத் தெருவில் ஒரு மாடி வீடு என்ன பெறுமோ அது.

கண்ணைத் திறந்தபோது பதிவு நின்றுபோயிருந்தது. மனைவியின் உதடுகள் அசைந்தன. துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "என்னங்க, முடிஞ்சுதா? நான் இனிமே சத்தமாப் பேசலாமா?"

கடைக்காரர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பெட்டியைத் தனக்கே கொடுத்துவிடும்படி காதுக்காரர் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். "தாராளமா எடுத்துக்குங்கண்ணே. விலை நீங்க சொன்னதுதான்." காதுக்காரர் குடியிருந்தது வாடகை வீட்டில். அந்தப் பெட்டி பழைய ரேடியோ விலைகூடப் பெறாது, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று கத்தினார். தொழிலில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான். இத்தனை காலம் உண்மையே பேசியவர் என்பதால் அதை யாரும் நம்பவில்லை. பொழுது சாய்வதற்குள் பெட்டி மேட்டுத் தெருப் பல் டாக்டரின் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

தொண்டை டாக்டர்கள் விளக்கடித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை, குரல் மட்டும்தான் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். பால்காரர் கதவைத் தட்டப் பழகிக்கொண்டார். காதுக்காரர் தொழிலை விட்டுவிட்டார், கேட்டால் காது சரியில்லை என்பார். சாயங்காலமானால் இருவரும் மேட்டுத் தெருவுக்கு நடந்து போய் அந்த மாடி ஜன்னலுக்குக் கீழே நிற்பார்கள். அவள் உதட்டை அசைப்பாள், அன்றைக்குச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் மேலேயிருந்து வரும். அவர் கீழேயிருந்து பதில் சொல்வார். பாட்டுக்கு நடுவே காய்கறி விலையும் கிழிந்த சட்டையும் வந்ததில் பல் டாக்டருக்கு முதலில் எரிச்சல்தான். வந்த விருந்தாளிகள், ஆள் பக்கத்திலேயே நிற்பது போல இருக்கிறதே என்று வியந்த பிறகு அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. சைக்கிளில் போகிறவர்கள் அந்தத் தம்பதிக்காகச் சற்று விலகிப் போவார்கள்.

ஒரு நாள் அவர் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார். மேலே அவள் சிரித்தது கேட்டது. "அது கிடக்கட்டும். உண்மையைச் சொல்லுங்க, அங்கேருந்து வர்றப்பதானே நல்லா இருக்கு?" அவர் நிமிர்ந்து அந்த ஜன்னலைப் பார்த்தார்.

பல் டாக்டர் இப்போது புதுப் பெட்டி ஒன்றை விசாரித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். பழையது எந்த ஊருக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை சாயங்காலங்கள் நடக்கின்றன. மழைக்காலத்தில் மட்டும் அந்த ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் சாப்பாடு ஆறுகிறது என்று சொல்ல, அவள் அவர் தோளைத் தொடுவாள்.