அடுத்த தெரு வேண்டாம்

குடியை விடுவதற்கு ஊர் விட்டு ஊர் போகப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்றே எனக்குப் பொறி தட்டியது. அடுத்த தெருவிலேயே சிகிச்சை மையம் இருக்கிறது. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அதன் போர்டு கண்ணில் படும். அங்கேயே தங்க வேண்டியதில்லை. வாரத்தில் சில சாயங்காலங்கள் போய் டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி, மற்ற குடிகாரர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கலாம். இவர் சொல்லுகிற இடத்துக்கோ ரயிலில் இரண்டு மணி நேரம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு எவனாவது நெய்க்கு அலைவானா?

"அங்க நல்லா பார்க்கிறாங்களாம்," என்றார்.

"யார் சொன்னா?"

"தங்கச்சிதான் சொன்னா. அவ வீட்லயே தங்கிக்கச் சொல்றா. அங்கேருந்து நடந்து போற தூரந்தானாம்."

நாத்தனார் பெயர் வந்ததும் என் சந்தேகம் இரட்டிப்பானது. அவள் நல்லவள்தான், ஆனால் அண்ணன் குடிக்கிறான் என்பதையே போன வருஷம் வரை ஒத்துக்கொள்ளாதவள். அவள் புருஷனோ, விருந்தாளி வந்தால் முதலில் ஃப்ரிட்ஜைத் திறக்கிற ஆள், தண்ணீர் எடுப்பதற்காக இல்லை. பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கலாம், ஒரு பூனை போதாது என்று இன்னொரு பூனையையும் துணைக்கு வைக்கவா முடியும்?

என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். இருந்துவிட்டுப் போகிறேன். துணித் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை எனக்கு. தைத்து வரும் சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். வெளியே மினுமினுவென்று இருக்கிற சட்டைதான் உள்ளே பல்லை இளிக்கும். வருஷக்கணக்காக இதையே செய்கிறவளுக்கு மனுஷர்களையும் திருப்பிப் பார்க்கத்தானே தோன்றும்?

இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் இவர் கையில் இருந்தது. புதினா மிட்டாயை மென்றுகொண்டே வேலைக்குப் போவார். மிட்டாய் வாசனையைத் தாண்டி அந்த வாசனை மேனேஜர் மூக்கை எட்டிய நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிகிச்சையில் சேர்ந்ததற்கு டாக்டர் லெட்டர் கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். லெட்டர் வராவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் இந்த மனுஷன் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நினைக்க எனக்குப் பயமாக இருந்தது.

சரி, அடுத்த தெருவிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமென்று கிளம்பினேன். "போன் பண்ணிக் கேளேன், நேர்ல எதுக்குப் போற?" என்றார். கேட்காமல் போனேன். ஐந்தாவது மாடியில் மையம். சுத்தமான இடம், பொறுமையாகப் பேசினார்கள். வேலை பார்க்கிற இடத்துக்கு லெட்டர் கிடைக்குமா என்றும் கேட்டு வைத்தேன். குடும்பத்தில் ஒருவர் கூட வந்து உட்கார்ந்தால் நல்லது என்றார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. கண் முன்னாலேயே இருப்பாரே.

சாப்பிட உட்கார்ந்தவரிடம் சொன்னேன். கை தட்டிலேயே நின்றது.

"மேல வரைக்கும் போனியா? நடந்தா ஏறினே?"

"எனக்கென்ன பைத்தியமா? லிஃப்ட்லதான்."

அதற்கப்புறம் ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். தன் பேச்சை மீறிப் போனதில் கோபம் என்று நினைத்தேன். கோபப்பட்டால் படட்டும் என்று பாத்திரம் கழுவினேன்.

ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. தூரத்து இடத்தையும் பார்க்காமல் குறை சொல்லக் கூடாதென்று விடுமுறை நாளில் அவரோடு ரயிலேறினேன். வழி முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் தெரு முழுக்க மதுக்கடை. ஒன்றைக்கூட ஏறெடுத்துப் பார்க்காமல் நடந்தார். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஓரக்கண்ணாலாவது பார்த்திருந்தால் நம்பியிருப்பேன்.

அங்கே ஒரு பெண் டாக்டர். நரை விழுந்த தலை, நிதானமான பேச்சு. இவர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். விரல்கள் தானாக ஆடின.

"காலைல எழுந்ததும் இப்படித்தான் நடுங்குமா?"

"ஆமா. கொஞ்சம் போட்டா நின்னுடும்."

"நீங்களா ஒரேயடியா நிறுத்திடாதீங்க, ஆபத்து. மாத்திரை குடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் குறைக்கணும். அதுக்கு ஆரம்பத்துல தினமும் வரவேண்டியிருக்கும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுப் பக்கத்துல இந்த மாதிரி இடம் எதுவும் இல்லையா?"

"அடுத்த தெருவுலயே இருக்கு டாக்டர்," என்றேன். எனக்கு வாயெல்லாம் பல்.

"அப்படின்னா அங்கேயே பார்க்கலாமே. இங்க இருந்து விட்டுட்டு ஊருக்குப் போனா, அதே சிநேகிதங்க, அதே கடை. அங்கேயே இருந்து பழகினா பின்னாடி கஷ்டம் குறையும். ஆனா தெரிஞ்சவங்க பார்த்துடுவாங்கன்னு கூச்சப்பட்டு நடுவுல விட்டுடுவீங்கன்னா, தூரமா இருந்தாலும் இங்கேயே வாங்க. எங்க விடாம போவீங்களோ அதுதான் நல்ல இடம்."

"எனக்கு இங்கதான்," என்றார் இவர், டாக்டர் முடிப்பதற்குள்.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். கூச்சமா? தெருமுனையில் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் நின்று பாட்டுப் பாடியவருக்கு இனி எந்தக் கூச்சம்? பணம் மிச்சமாகும் என்கிறாரா? ஆகாது. பிறகு வேறு யாராவது ஒருத்தியோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. எதிர் சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் அந்த நினைப்பு தானாகக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் மடியில் கனம் இருக்கிறது, அது மட்டும் நிச்சயம். இல்லாவிட்டால் வழியில் இத்தனை பயம் எதற்கு?

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "ஒரே ஒரு தடவை அடுத்த தெருவுக்கு வந்து பாருங்க. பிடிக்கலைன்னா நானே ரயிலேத்தி விடறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "வரேன். ஆனா படியில ஏறிப் போகலாம்."

"அஞ்சு மாடியையா? உங்க மூச்சுக்கா?"

"உடம்புக்கு நல்லதுடி."

வாழ்நாளில் உடம்புக்கு நல்லது என்று ஒரு கீரையைத் தொடாத மனுஷன். பாதிப் படியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்து, அப்படியே திரும்பிவிடத் திட்டம் போடுகிறார் என்று எனக்குப் புரிந்துபோயிற்று. நானா ஏமாறுவேன்?

மறுநாள் சாயங்காலம் போனோம். கீழே லிஃப்டுக்கு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கம்பு ஊன்றிய ஒரு பெரியவர், மூன்றாவது மாடிப் பல் டாக்டரிடம் போகிற ஒரு கர்ப்பிணி, கையில் டிபன் கேரியரோடு ஒருவர். இவர் படிப் பக்கம் போனார். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. நான் அவரைப் பார்க்காமல் உள்ளே ஏறி நின்றுகொண்டேன். மற்றவர்களும் ஏறினார்கள்.

"இறங்கு," என்றார் அங்கிருந்தே.

நான் பொத்தானை அழுத்தினேன். கதவு பாதி மூடியபோது காலை நடுவில் விட்டார். கதவு இடித்துத் திரும்பியது. மறுபடி மூட வந்தது, மறுபடி இடித்தது.

"வழி விடுங்க சார்," என்றார் டிபன் கேரியர்.

"வைத்தியத்துக்கு வரப் பிடிக்கலைன்னா போங்க," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்காதீங்க."

"எல்லாரும் இறங்குங்க. தயவு செஞ்சு இறங்குங்க. நான்தான் இந்த லிஃப்டோட மெக்கானிக்."

குடித்திருக்கிறாரா என்று முகர்ந்து பார்த்தேன். மாத்திரை ஆரம்பிக்காத உடம்பு, கொஞ்சம் வாடை இருந்தது. ஆனால் அந்தக் குரல் குடிக்குரல் இல்லை. கல்யாணமானதிலிருந்து நான் கேட்டிராத குரல். பெரியவர் முதலில் இறங்கினார். கர்ப்பிணியின் கையைப் பிடித்து இவரே இறக்கிவிட்டார். கடைசியாக நானும் வெளியே வந்தேன். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே படிக்குப் போனார்கள். இவர் லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரேக்கைக் கழட்டினேன்," என்றார். "போன சர்வீஸ்ல. மேல மிஷின் ரூம்ல. தேஞ்ச லைனிங்கை மாத்திட்டுத் திரும்பப் பூட்டினேன். கடைசில எல்லாத்தையும் இறுக்கிப் பிடிக்கிற ஒரு லாக் நட் இருக்கு. அதை முறுக்கினேனா இல்லையான்னு ஞாபகம் இல்ல. அன்னிக்கு ரொம்பப் போட்டிருந்தேன்."

"முறுக்கலைன்னா?"

"ஓட ஓட அதிர்ந்து கொஞ்சங்கொஞ்சமா கழலும். இன்னிக்கு நிக்கும். நாளைக்கும் நிக்கும். ஒரு நாள் நிக்காது."

இதில்தான் நான் ஏறி இறங்கி வந்து, சோறு பிசைந்துகொண்டிருந்தவரிடம் பெருமையடித்திருக்கிறேன். அவர் தட்டை நகர்த்தியது எதற்கென்று இப்போது தெரிந்தது. அந்த நேரத்திலேயே வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமும் வந்தது.

ஆனால் அடுத்து என் வாயிலிருந்து வந்ததும் லேசுப்பட்ட பேச்சில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன். "சாவி உங்ககிட்டதானே இருக்கு? மேல போய் ஒரு முறுக்கு முறுக்கிட்டு வந்துடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"போகலைன்னா நினைக்கிற?" கைகள் இரண்டையும் எனக்கு முன்னால் நீட்டினார். "ரெண்டு தடவை படியேறிப் போனேன். குடிக்காமப் போனா கை இப்படி ஆடுது, ஸ்பானர் நட்டுல உக்கார மாட்டேங்குது. குடிச்சுட்டுப் போனா கை நிக்குது, ஆனா முறுக்கினேனான்னு கீழ இறங்கினதும் எனக்கே நம்பிக்கை இல்ல. எங்கேயாவது கண்ணுக்கு எட்டாத ஊருக்குப் போய் உடம்பைச் சரி பண்ணிக்கிட்டு வந்து இதைப் பூட்டிடலாம்னு நினைச்சேன். இங்கயே வந்தா, வர்ற ஒவ்வொரு நாளும் இதுல ஆளுங்க ஏறுறதைப் பார்க்கணும்."

"நீங்க அங்க போய்ச் சரியாகி வர்ற வரைக்கும் இவங்க ஏறிக்கிட்டே இருக்கட்டுமா?"

தலை குனிந்துகொண்டார்.

எங்கள் பிரிவில் பழுதான சட்டை தப்பிப் போனால் யாரோ ஒருத்தருக்குப் பொத்தான் அறுந்து விழும், அவ்வளவுதான். இவ்வளவு நாளாக இந்த மனுஷனை உள்பக்கம் திருப்பித் திருப்பிப் பாட்டிலைத் தேடியிருக்கிறேன். பயத்தைத் தேடவே இல்லை. அவர் மேல் பாவமாக இருந்தது. பாவப்பட்டதற்காக விட்டுவிடவும் முடியவில்லை.

"கம்பெனிக்குப் போன் போடுங்க," என்றேன்.

"போட்டா வேலை போயிடும். லெட்டர் கொண்டு போனாலும் எடுக்க மாட்டாங்க."

"தெரியும். போடுங்க."

போனை எடுத்து எண்ணைத் தேடினார். விரல் ஆடியதில் தப்புத் தப்பாக அழுந்தியது. நான் வாங்கி அழுத்தி அவர் காதில் வைத்தேன். கட்டடத்தின் பெயரைச் சொன்னார், பிரேக் என்றார், நான்தான் செஞ்சேன் என்றார், குடிச்சிருந்தேன் என்றார். ஒன்றையும் மழுப்பவில்லை. அந்தப் பக்கத்தில் மேனேஜர் கத்தியது எனக்கே கேட்டது. மேனேஜர் சொல்லச் சொல்ல இவர் எழுந்து போய், சாவியால் பக்கத்துச் சுவிட்ச் பெட்டியைத் திறந்து விசையை இறக்கினார். லிஃப்டுக்குள் விளக்கு அணைந்தது. வேறு மெக்கானிக் வருவான், சாவியைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டுப் போ, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றிக் காவலாளியிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசலுக்கு எதிரே, தெருவைத் தாண்டினால் ஒரு கடை உண்டு. எனக்குத் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். லெட்டருக்கு இனி வேலையில்லை. வேலைக்கே வேலையில்லை. கையைப் பிடித்து இழுக்கலாமா, அழலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பிப் படியில் கால் வைத்தார்.

நான் பின்னாலேயே ஏறினேன். நடுவழியில் திரும்பி ஓடினால் மறிக்க வேண்டுமே என்றுதான் பின்னால் போனேன், பொய் சொல்வானேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினார். மேலேயிருந்து வந்தவர்கள் லிஃப்டை நிறுத்திய புண்ணியவானைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். "நான்தாங்க நிறுத்தினேன்," என்று ஒதுங்கி வழிவிட்டார். கம்பு ஊன்றிய பெரியவர் நாலாவது மாடியில் படியில் உட்கார்ந்திருந்தார். இவர் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். இரண்டு பேர் உடம்பும் ஆட, நான் இருவர் முதுகிலும் கை வைத்துத் தாங்கிக்கொண்டேன். பெரியவரும் எங்கள் இடத்துக்கேதான் வந்திருக்கிறார் என்று அப்புறம் தெரிந்தது.

ஐந்தாவது மாடியில் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள்.

"வேலை பார்க்கிற இடத்துக்கு லெட்டர் வேணும்னு கேட்டிருந்தீங்கல்ல? டாக்டர்கிட்ட முதல்ல அதைச் சொல்லிடட்டுமா?"

பழக்கதோஷம், நான் ஆமாம் என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"லெட்டர் வேணாம்மா," என்றார் இவர், மூச்சு வாங்க. ஆடுகிற கைகளை மேஜை மேல் வைத்தார். "இதை மட்டும் நிறுத்திக் குடுங்க."