வைட் லென்ஸில் ஒரு லைன் வீடு

என் வீட்டுக்காரர் ஞானையா அந்த வைட் லென்ஸை வாங்கி வந்த அன்றே எனக்கு ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். யுத்தம் முடிந்து, துறைமுகத்தில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் கப்பலேறும் அவசரத்தில் விற்றுவிட்டுப் போன சாமான். கையடக்கமான ஒரு ஜெர்மன் கேமரா, அதற்குச் சாதாரண லென்ஸ் ஒன்று, அப்புறம் குட்டையாக, சப்பையாக இந்த வைட் லென்ஸ். சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டார். துணியை வைத்து அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"அதுக்கும் ஒரு வாய் ஊட்டிட்டு வாங்க" என்பேன். மனுஷனுக்கு உறைக்காது.

அதைப் பற்றி எனக்குப் பாடமும் நடத்துவார். கேமராவின் சின்ன ஜன்னலில் பார்த்தால் ஆள் இரண்டிரண்டாகத் தெரிவான். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்காரும். அப்போது படம் துல்லியம். ஆனால் வைட் லென்ஸுக்கு அந்த ஜன்னல் உதவாது. கேமராவின் தலைமேல் தனியாக ஒரு கண்ணாடியைச் சொருகி அதன் வழியாகப் பார்க்க வேண்டும், தூரத்தைக் குத்துமதிப்பாக வைக்க வேண்டும். "ரூமுக்குள்ள நின்னா ரூம் பூராவும் விழும் இன்பமணி. ஊருல வேற எவன்கிட்ட இருக்கு?" என்று நெஞ்சை நிமிர்த்துவார். இருந்து என்ன, எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் எல்லாம் கல்யாண ஜோடிகள். அவர்களை இதில் எடுத்தால் ஓரத்தில் நிற்கிற மாமியார் பூசணிக்காய் மாதிரி அகன்று போவாள். ஒரு தடவை அப்படி ஆகி, சண்டைக்கே வந்துவிட்டார்கள். அதிலிருந்து லென்ஸ் பெட்டிக்குள் சும்மா கிடந்தது.

அப்போதுதான் பேச்சி வந்தாள். முத்தையாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் உப்பளத்தில் உப்புச் சுமக்கிறவள். கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் ஒற்றை அறை. அதில் அவள், புருஷன் வன்னியபெருமாள், மூன்று பிள்ளைகள், கொழுந்தன் குடும்பம் நாலு பேர். வன்னியபெருமாளுக்குக் காசம். இந்த ஆளைப் பிள்ளைகள் பக்கத்தில் படுக்க விடாதே, கடைக்குட்டிக்குத் தொற்றினால் பிழைக்காது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பாள்? உப்புப் பாத்தியிலா?

யுத்த காலத்தில் சிப்பாய்களுக்குப் போட்ட தகரக் கொட்டகைகள் துறைமுகத்துப் பக்கம் காலியாகக் கிடந்தன. இட நெருக்கடியில் இருக்கிற குடும்பங்களுக்கு அதைக் கொடுக்கலாமா என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்து முசாபரி பங்களாவில் தங்கியிருந்தார்.

"அந்த ஐயா லைனுக்குள்ள வர மாட்டேங்காருக்கா. நாத்தம் ஆகாதாம். போட்டோ புடிச்சுக் கொண்டா, பாக்கேன்னு சொல்லுதாரு" என்றாள் பேச்சி. இடுப்பில் கடைக்குட்டி செண்பகம் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி மனசு வச்சா எம் பிள்ள பொழைச்சுக்கிடும்."

இவர் நான் சொல்வதற்கு முன்னால் எழுந்து பெட்டியைத் திறந்துவிட்டார். புண்ணியத்துக்குப் பாதி, லென்ஸை வெளியே எடுக்கிற ஆசைக்குப் பாதி. நானும் கூடவே போனேன்.

போய்ப் பார்த்தால், ஆண்டவரே, அறை பளிச்சென்று காலியாக இருக்கிறது! போட்டோக்காரர் வருகிறார் என்று பேச்சியும் கொழுந்தன் பெண்டாட்டியும் பானை சட்டி, பாய், மூட்டை எல்லாவற்றையும் வெளியே அடுக்கி, சாணி மெழுகி, கோலம் வேறு போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தலையில் எண்ணெய் வழிகிறது.

"ஏளா, கோட்டி புடிச்சிருக்கா உனக்கு? நெருக்கத்தக் காட்டணும்னு கூப்பிட்டுட்டு வீட்டக் காலி பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினேன்.

"படத்துல அலங்கோலமா விழுந்தா நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்றாள் அவள்.

எல்லாவற்றையும் திரும்ப உள்ளே கொண்டுவர வைத்தோம். ஒன்பது பேரும் உள்ளே போனதும் எனக்குக் கால் வைக்க இடமில்லை. வாசலில் நின்றேன். இவர் முதலில் சாதாரண லென்ஸைப் போட்டு, முதுகு சுவரில் உரச நின்று ஒன்று எடுத்தார். அதில் வன்னியபெருமாளின் முழங்காலும், ஒரு பானையும், பானைக்கு மேலே செண்பகத்தின் முகமும்தான் விழும் என்றார். "இது எதுக்கும் ஆகாது. அறை எங்கனன்னு கேப்பான்."

பிறகு வைட் லென்ஸ். அதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், அறையிலோ கதவு வழியாக வருவதுதான் வெளிச்சம். வாசலை ஒட்டிய மாடக்குழியில் விளக்கை எடுத்துவிட்டுக் கேமராவை அசையாமல் வைத்தார். தலைமேல் சொருகிய கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஒன்பது பேரும் இருக்காங்க! நாலு மூலையும் இருக்கு!" என்று குதித்தார். எல்லாரையும் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். வன்னியபெருமாளுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. கழுத்து நரம்பு புடைக்க அடக்கிக்கொண்டு நின்றான். படம் எடுத்து முடிந்ததும் வெளியே ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

இருட்டறையிலிருந்து படம் வந்தபோது ஸ்டுடியோவே கொண்டாடியது. பானை, மூட்டை, தொட்டில், ஒன்பது முகம், எதுவும் விட்டுப்போகவில்லை. நானும் மெச்சினேன்.

மறுநாள் பேச்சியையும் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனோம். அதிகாரி படத்தைக் கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுவா நெருக்கடி? ஹால் மாதிரி இருக்கே!" என்றார்.

எட்டிப் பார்த்தேன். அறையை நேரில் பார்த்த கண்ணோடு நாங்கள் படத்தைப் பார்த்திருந்தோம். பார்க்காதவன் கண்ணுக்கு அது வேறு. முன்னால் இருந்த பானை பெரிதாக, பின்சுவர் எங்கேயோ தூரத்தில், சுவரோரம் நின்ற ஆட்கள் சின்னதாக. நடுவில் தரை நீண்டு கிடக்கிறது. அந்தத் தரையில் ஒரு பிள்ளை கூட நிமிர்ந்து படுக்க முடியாது என்பதைப் படம் எங்கே சொல்கிறது?

"அப்படி இல்ல சார்" என்று இவர் பதறினார். "இந்த லென்ஸ் தூரத்த இழுத்துக் காட்டும். கிட்ட இருக்கது பெருசாவும் தள்ளி இருக்கது சிறுசாவும் தெரியும். நெசத்துல கையை நீட்டினா பின்சுவரு."

"அப்படியானால் படம் பொய் சொல்கிறதா, மிஸ்டர்?"

அதிகாரி படத்தை மேஜையில் வைத்து விரலால் தட்டினார்.

"பொய் என்றால் இதை நான் சாட்சியாக எடுக்க முடியாது. மெய் என்றால் அறை தாராளமாக இருக்கிறது. எதை வைத்துக்கொள்ளட்டும்?"

மற்ற படத்தை எடுத்து நீட்டினேன். முழங்காலும் பானையும் பிள்ளை முகமும். "இதில் அறையே இல்லையே, அம்மா" என்று மேஜையில் போட்டார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.

"நாலு எட்டு வந்து உங்க கண்ணால பாத்தா என்ன, கால் தேஞ்சா போயிரும்?" என்று கேட்டுவிட்டேன். இவர் என் கையைப் பிடித்து இழுத்தார். அதிகாரிக்கு முகம் சிவந்தது. உப்பளக் கம்பெனி எழுதிக் கொடுத்த அறை அளவும் படமும் ஒத்துப்போகின்றன, நேரில் அளந்து பார்க்கத் தேவையில்லை என்றார். போகிற போக்கில் வன்னியபெருமாளின் உருவத்தைத் தொட்டுக் காட்டி, "ஆள் திடமாகத்தானே நிற்கிறான்" என்றும் சொன்னார். அட பாவி, அவன் மூச்சை அடக்கி நின்ற கோலம் அது.

பேச்சிக்கு என்ன நடந்தது என்றே பாதி புரியவில்லை. "கொட்டக கெடைக்குமாக்கா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அதோடு விட்டார்களா? அந்தப் படத்தை அதிகாரி கம்பெனி மானேஜருக்கும் அனுப்பியிருக்கிறார். இவ்வளவு இடம் இருக்கிறதே என்று ஆறுமுகநேரியிலிருந்து புதிதாக வந்த இரண்டு ஆட்களை அதே அறையில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். கொழுந்தன் சண்டை பிடித்ததற்கு, "படத்துலதான் பாத்தோமே" என்றாராம் மானேஜர்.

பேச்சி மறுபடியும் ஸ்டுடியோவுக்கு வந்தாள். செண்பகம் இடுப்பில் துவண்டு கிடந்தது. புதிதாக வந்தவர்களுக்குப் பாய் விரிக்க வேண்டி, பிள்ளைகளை அப்பன் பக்கத்தில் தள்ளிப் படுக்க வைத்திருக்கிறாளாம்.

"அண்ணாச்சி, இப்பம் இன்னும் ரெண்டு பேரு வந்துட்டாவல்லா? இன்னொரு மட்டம் வந்து புடிங்க. இந்த மட்டம் நெருக்கம் தெரியும்லா?"

லென்ஸைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற மனுஷன், துணியை எடுத்து அதைத் துடைக்க ஆரம்பித்தார். கோழை! எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. கடைசியில் நான்தான் சொன்னேன்.

"தெரியாதுளா. அந்தக் கண்ணாடியில எத்தன பேர அடைச்சாலும் எடம் மிச்சமாத்தான் தெரியும்."

பேச்சி அழவில்லை. பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். அந்த அசைவில் செண்பகம் இருமியது. வறட்டு இருமல், விடாமல், முகம் கறுக்கிற வரைக்கும்.

"சளிதாங்க்கா" என்றாள் பேச்சி, நான் ஒன்றும் கேட்காமலே.