வண்டிக்காரன் என்ன ஆனான்

ஜப்பான்காரன் வந்து, சுவா என்ற ஊருக்கு உள்ளே இருந்த தோட்டத்தை விட்டு வெள்ளைக்காரத் துரை ஓடியபின், அவர் பங்களாவிலிருந்து கணக்கெழுதும் கிராணி கணேசமூர்த்தி எடுத்துவந்தது ஒரு தடித்த ஆங்கில நாவல் மட்டும். ரத்தம் குடிக்கும் ஒரு பிரபுவின் கதை. மரவள்ளிக்காட்டு வேலை முடிந்ததும் கூலிகள் குடியிருந்த லயத்து வாசலில் உட்கார்ந்து அதைத் தமிழில் சொல்லுவார். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை. இருட்டினால் கதை நின்றுவிடும். சொல்லி முடித்த தாள்களில் ஆண்கள் புகையிலை சுற்றிப் புகைத்தார்கள். காகிதம் நன்றாக எரிந்தது.

கதையில் பேய் அதிகம் வரவில்லை. ஆட்கள் கடிதம் எழுதினார்கள், ரயிலேறினார்கள், மறுபடி கடிதம் எழுதினார்கள். பேயை விரட்ட ஒருத்தி அறை முழுக்கப் பூண்டு கட்டித் தொங்கவிட்ட கட்டத்தில் முத்தாயி எழுந்துவிட்டாள்.

"பூண்டக் கண்ணால பாத்தே ரெண்டு வருசமாச்சு. சன்னல்ல கட்டித் தொங்க விடுறாளாம், பாவி!"

"கூப்பிடாம அது வீட்டுக்குள்ள வராதாம்" என்றார் கிராணி.

"அப்ப ஜப்பான்காரனுக்கு அது எவ்வளவோ தேவல லா" என்றான் முத்தாயியின் புருசன் சன்னாசி.

யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.

ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சன்னாசி மட்டும் வந்தான். அவனுக்குப் பேயைப் பற்றிக் கவலையில்லை. கதையின் தொடக்கத்தில், சீமான்களைப் பிரபுவின் கோட்டைக்கு ஏற்றிப்போன குதிரைவண்டிக்காரன் உள்ளே மாட்டிக்கொண்டான். சீமான்கள் தப்பிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி ஊரில் காத்திருப்பதாக ஒரே ஒரு வரி வந்தது.

"அவன் வீடு வந்தானா?"

"வருவான், பொறு" என்பார் கிராணி. அவரும் முன்கூட்டிப் படித்ததில்லை.

ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்தபோது சன்னாசியும் அதில் அகப்பட்டான். விடிந்தால் ஆள் ஏற்ற லோரி வரும். அன்று சாயங்காலம் மிச்சப் பக்கங்களைக் கிராணி விடாமல் சொல்லி முடித்தார். பிரபு ஒரே குத்தில் செத்தான். சீமான்களுக்குக் கல்யாணம் ஆனது.

"வண்டிக்காரன்?"

கிராணி கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தார். "எழுதல."

"செத்துட்டானா?"

"அதுவும் எழுதல சன்னாசி. மறந்துட்டாங்க போல."

"இம்மாம் பெரிய புத்தகத்துல ஒரு ஆளு கொறையறது தெரியலையா? நீங்க காலையில பெரட்டுல பேரு கூப்புடுறீங்க. ஒருத்தன் இல்லன்னா கேக்குறீங்கள்ல, கிராணியாரே?"

"கேப்பேன்."

சன்னாசி அந்தக் கடைசித் தாளை வாங்கி மடியில் செருகிக்கொண்டான். வழியில் புகைக்க ஆகும்.

காலையில் லோரி போனது. பிறகு வழக்கம்போல் ஆட்கள் பெரட்டுக்கு வரிசையில் நின்றார்கள். கிராணி பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"சன்னாசி."

"இப்பதானே ஏத்திவிட்டோம், கிராணி" என்றார் வேலை வாங்கும் மண்டோர். "அந்தப் பேர விடுங்க."

கிராணி அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

மறுநாளும் அவர் சன்னாசி என்று கூப்பிட்டார். மண்வெட்டியோடு வரிசையில் நின்றிருந்த முத்தாயிதான் பதில் சொன்னாள்.

"இன்னும் வரல."