மழையில் ஓடிய மோட்டார்

அறுபத்து மூன்றாம் வருஷம் திருவரங்குளம் பக்கத்தில் மழைக்குப் பயந்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் படுத்த இடத்திலிருந்து ஒரு பலகைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்டாள். பிரசவ விடுதி நர்ஸ் ரம்லத் பீவி, கோட்டைப்பட்டினத்துக்காரர், அந்தப் பெட்டியில் பஞ்சைப் பரப்பிப் பிள்ளையைக் கிடத்தி, மேலே இரண்டு பெரிய பல்புகளைக் கட்டியிருந்தார். அந்தச் சூட்டில்தான் அவள் மூச்சு ஓடியது. ஒருநாள் துணியில் சுற்றி வெளியே எடுத்ததற்கே உதடு நீலமாகிவிட்டது. நான் அணைத்துக்கொள்ளலாம் என்றால் எனக்குப் பிரசவக் காய்ச்சல். "ஒங் காச்சல் புள்ளைக்கு ஒட்டுனா தாங்காது அழகி, தள்ளியே படு" என்று சொல்லிவிட்டார் நர்சம்மா. பெற்றவள் நான் கிடக்க, பல்பு பிள்ளையைக் காத்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அந்தப் பல்பாவது ஒழுங்காக எரிந்ததா? கிணற்றுக்குக் கிணறு மோட்டார். எல்லாம் சேர்ந்து இழுத்தால் பல்பு அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து கிடக்கும். அதனால்தான் பெரிய பல்பு, அதுவும் இரண்டு. எவனாவது மோட்டார் போடும்போதெல்லாம் பல்பு ஒரு முறை மங்கும். படுத்துக்கொண்டே அவனைத் திட்டித் தீர்ப்பேன். விடுதிக்குப் பின்னால்தான் எங்கள் கிணறு. என் வீட்டுக்காரர் மலையாண்டி எங்கள் மோட்டாரை நிறுத்தியே வைத்துவிட்டார். கடலைச்செடி வாடியது. "வாடுனா வாடட்டும்" என்றார்.

பல்பு மாட்ட வந்த வயர்மேன் செல்லமுத்து சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "நீங்க கம்பியோட கடைசியில இருக்கீங்க. இம்புட்டு மோட்டாரும் ஓடணும்னு கரண்டைக் கூட்டித்தான் விட்டிருக்கு. எல்லாரும் ஒண்ணா நிறுத்துனா அது இங்கிட்டு ஏறி வரும். பல்பு தாங்காதுங்க."

எல்லோரும் ஒன்றாக எப்போது நிறுத்துவார்கள்? மழை பெய்தால் நிறுத்துவார்கள்.

அது ஒரு மத்தியானம் வந்தது. வானம் கறுத்து, சடசடவென்று பிடித்துக்கொண்டது. தெருவில் பெண்கள் குலவையிட்டார்கள். இனி எதற்குத் தண்ணீர் இறைக்க என்று ஊரெல்லாம் மோட்டாரை நிறுத்தியிருக்க வேண்டும். சிவந்து கிடந்த பல்புகள் மஞ்சளாகி, வெள்ளையாகி, கண்ணைக் குத்தின. நான் கத்துவதற்குள் ஒன்று டப்பென்று போய்விட்டது. நர்சம்மா ஓடிவந்து மற்றதை அணைத்தார்.

இனி அது ஒன்றுதான். வேறு வேண்டுமென்றால் புதுக்கோட்டைக்குப் போகவேண்டும். அந்த மழையில் பஸ் ஏது? ஈரக்காற்று அறைக்குள் புகுந்தது. நர்சம்மா பெட்டிக்குள் கைவைத்துப் பார்த்தார்.

"சில்லுனு ஆகுது. போட்டா இந்தப் பல்பும் போயிரும். போடாட்டி..." என்று பஞ்சை இழுத்துப் பிள்ளையை மூடினார்.

வாசலில் நனைந்து நின்ற என் வீட்டுக்காரர், "மோட்டார் ஓடுனா கரண்டு எறங்கும்ல நர்சம்மா? நான் போயிப் போடுறேன்" என்றார்.

"ஏங்க, வேணாங்க!" என்றேன். எங்கள் மோட்டார் கொட்டகை ஒழுகும். ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டு அந்தக் கோடையில்தான் பக்கத்து ஊரில் ஒருவர் செத்திருந்தார். என் வீட்டுக்காரர் நிற்கவில்லை. பிள்ளைக்குப் பயப்படுவதா, அவருக்குப் பயப்படுவதா?

பிள்ளையின் உதடு நீலமாகத் தொடங்கியது. "யா அல்லா" என்று நர்சம்மா பல்பைப் போட்டுவிட்டார். அது வெள்ளை வெளேரென்று எரிந்தது. எந்த நிமிஷமும் போய்விடும். மழைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அவர் கொட்டகைக்குப் போய் இவ்வளவு நேரமா? விழுந்து கிடக்கிறாரா?

பல்பு மங்கியது. போயிற்று என்று அலறிவிட்டேன். போகவில்லை, திரும்ப எரிந்தபோது கொஞ்சம் மஞ்சள் தட்டியிருந்தது. எங்கள் மோட்டார் ஓடுகிறது. அப்படியென்றால் அவர் உயிரோடு இருக்கிறார். நான் ஓவென்று அழுதேன்.

சன்னலுக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்து நாகராசுவின் சிரிப்பு கேட்டது. "காஞ்சப்பெல்லாம் விட்டுப்புட்டு மழையில தண்ணி பாச்சுறியே மலையாண்டி, புத்தி கித்தி பெரண்டுபோச்சா?"

என் வீட்டுக்காரர் சொன்னது மழையில் பாதிதான் காதில் விழுந்தது. "எம் புள்ள... பல்பு..."

சிரிப்பு நின்றது. சேற்றில் யாரோ ஓடுகிற சத்தம்.

பல்பு இன்னொரு முறை மங்கி எழுந்தது. இது நாகராசுவின் மோட்டார். இன்னும் மஞ்சளானது. நர்சம்மா பிள்ளையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி மங்கியது, மறுபடியும். அடுத்தடுத்த கிணறுகளுக்கும் அவன் ஓடியிருக்க வேண்டும். கொட்டுகிற மழையில் ஊர் தண்ணீர் இறைத்தது.

பல்பு கண்ணைக் குத்தாத மஞ்சளில் வந்து நின்றபோது பிள்ளை சிணுங்கினாள். மழையோடு இறைத்த தண்ணீரும் சேர்ந்து எங்கள் கடலைக்காடு முழுகி அழுகிப்போனது பிறகு. அன்று எனக்குக் கடலை நினைப்பே இல்லை. மங்கும்போதெல்லாம் யாரைத் திட்டினேனோ அவர்களை, ஒவ்வொரு மங்கலுக்கும் ஒருவராக, படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன்.