கணினிக்கும் ஒரு பாடு

தலைவர் தெய்வசிகாமணி மைக்கைப் பிடித்து முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. கழுத்தில் பதக்கம்போலத் தொங்கிய அபாயப் பெட்டியை இன்னும் அணைக்கவில்லை. கடலில் சிக்கிய படகுகள் பழவேற்காடு மீனவர் சங்கத்துக் கணினிக்குச் செய்தி அனுப்பும் பெட்டி அது. திறப்புவிழாவில் இயக்கிக் காட்டுகிறேன் என்று பொத்தானை அமுக்கியவர், கைதட்டல் கேட்டதும் ஆசியாவிலேயே முதல்முறை என்று ஆரம்பித்துவிட்டார்.

கணினிமுன் உட்கார்ந்திருந்த பூவிழிதான் அந்த நிரலை எழுதியவள். முதலில் ஒழுங்காகத்தான் எழுதினாள். வரும் ஒவ்வொரு படகுக்கும் சாக்கெட் என்ற ஓர் இணைப்பு, அதைக் கவனிக்கத் தனி ஆள்போல ஒரு த்ரெட். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

தலைவர் விடவில்லை. "த்ரெட்டுன்னா நூலுதானே? வலை பின்றவன்கிட்டயே நூலு விக்கிறியா? ஏரியில இன்னா மொறை? பாடு. ஒருத்தன் பாடுன்னா அவன் வலையத் தூக்குற வரிக்கும் அடுத்தவன் எறங்கக் கூடாது. மிசினுக்கும் அதே மொறைய வையி."

மீன் பிடிக்கத்தானே தலைவரே பாடு, முழுகுறதுக்குமா என்று அவள் கேட்கவில்லை. சம்பளம் சங்கத்துடையது. ஏழு வரிகளை அழித்தாள். இனி ஒரு பெட்டி அணைந்தால்தான் அடுத்த பெட்டியின் செய்தியைக் கணினி படிக்கும். அழைப்பிதழில் 'பாரம்பரியமும் கணினியும் கைகோர்க்கும்' என்று அச்சானது.

இப்போது காற்று மாறி, பந்தல் துணி படபடத்தது. பூவிழியின் அண்ணன் ரஞ்சித் படகில் முகத்துவாரத்துக்கு அப்பால் போயிருந்தான். கணினியின் வாசலில் வரிசையில் நிற்க இடம் கிடைத்தாலே படகுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துவிடும். செய்தி போய்ச் சேர்ந்தது என்று படகுக்காரன் நம்புவான். இங்கே யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

எழுந்து மேடையோரம் போனாள். "தலைவரே, பெட்டிய அணைங்க. வேற யார்னா கூப்ட்டா உள்ள வராது."

அவர் மைக்கை மூடாமலே, "இரும்மே, என் பாடு முடியட்டும்" என்றார். கூட்டம் சிரித்தது. பூவிழியும் சிரித்துவைத்தாள்.

பத்து நிமிடம் கழித்து நன்றி சொல்லிப் பெட்டியை அணைத்தார். பெரிய திரையில் வரிகள் கடகடவென்று விழுந்தன.

படகு 17, ரஞ்சித். 10:42. தண்ணி ஏறுது.

10:47. பச்சை எரியுது. நீந்தல. இங்கியே கீறேன்.

10:55. பூவிழி கீறியா

கைதட்டல் எழுந்தது. "பாத்தீங்களா, வரிசை தப்பல!" என்றார் தலைவர்.

திரையின் ஓரத்தில் மணி 11:16. கடைசி வரிக்குக் கீழே சின்னக் கோடு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. பதினேழாம் படகு பெட்டியை அணைக்கும்வரை, கணினி மரியாதையாகக் காத்திருந்தது.