கையால் மட்டும்

"கையை எடுங்க சித்தப்பா."

சித்தப்பா துணியும் கையுமாக அப்படியே நின்றார். துணி பானெட்டைத் தொட இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. வீட்டுக் கூடத்தில் அண்ணன் உடம்பு, அவள் அப்பாவின் உடம்பு, கிடக்கிறது, அழுகைச் சத்தம் பின்னாலிருக்கும் ஷெட் வரைக்கும் கேட்கிறது, இந்த மனிதர் என்னடாவென்றால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே தனியாக நின்று காரைத் துடைக்கப் பார்க்கிறார். யாருக்குத்தான் மூக்கில் வியர்க்காது?

"வண்டிக்காரர் வருவாரும்மா. இப்படி வெள்ளை வெள்ளையா விட்டா நல்லாவா இருக்கும்?"

"சாவு வீட்டுல காரைத் துடைக்கலன்னு எந்த வண்டிக்காரர் கோவிச்சுக்கப் போறார்?"

சித்தப்பா துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அவளுக்குத் தொழிலே சந்தேகம்தான். அடிபட்ட கார்களைப் பார்த்து, சொன்ன இடத்தில் சொன்ன மாதிரிதான் நசுங்கியதா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கும் சர்வேயர். நாய் குறுக்கே ஓடியது என்பார்கள். இவள் பம்பரைக் குனிந்து பார்த்துவிட்டு, "நாய் மேல சிமென்ட் பூசியிருந்துச்சா?" என்பாள். அப்பாவுக்கு அதில் பெருமை தாங்காது. அவளைத் 'துப்பு' என்றுதான் கூப்பிடுவார். "வாம்மா துப்பு, இன்னிக்கு யாரு மாட்டினான்?" இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை என்று நினைத்து, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தவள், வீட்டுக்குள் நுழைந்து சித்தப்பா சொன்னதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"அண்ணன் கையால போட்டுக்கிட்டு இருந்தார். நான் டயர் கடைக்குப் போனேன். திரும்பி வந்து பாத்தா விழுந்து கெடந்தார்."

நேற்றுப் போனில் இதையேதான் சொன்னார். அம்மாவிடம் இதையேதான் சொன்னார். மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போன டாக்டரிடமும் இதுவேதான், வார்த்தை மாறாமல். உண்மை சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வான் என்பது அவளுக்குத் தெரியும்.

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்திய ஷெட் அது. கார் பெயின்ட் மங்காமல் இருக்க மேலே பூசும் சீலன்ட்தான் அவர்கள் பிழைப்பு. அதைக் கையால் பூசுவதா மெஷினால் பூசுவதா என்பதுதான் அவர்கள் சண்டை. தரையில் நட்ட நடுவே ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் அப்பா, தலைக்கு மேல் 'கையால் மட்டும்' என்று ஒரு பலகை. அந்தப் பக்கம் சித்தப்பா, கையில் சுழலும் மெஷின்.

"மெஷினுக்கு என்னடா தெரியும்? ஓரத்துல தின்னும், வளைவுல வழுக்கும்" என்பார் அப்பா.

"கையால போட்டா ஒரு எடத்துல தடியா இருக்கும், ஒரு எடத்துல ஒண்ணுமே இருக்காது. மெஷின்னா ஒரே சீரு" என்பார் சித்தப்பா. 

சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் இதே பேச்சுதான். அம்மா ஒருநாள் பொறுக்க முடியாமல், "ரெண்டு பேரும் வாயால பூசுங்களேன், சீக்கிரம் முடியும்" என்று சொல்லிவிட்டாள்.

கருப்புக் கார் நின்றது மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், அப்பா பக்கம். பல் டாக்டருடையது. மெஷின் என்ற பேச்சை எடுத்தாலே பல்லைக் கடிக்கிற மனிதர். பானெட் முழுக்கப் பூசி, துடைக்காமல் விட்டிருந்தது. சீலன்ட் பூசியதும் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி வெளுத்து நிற்கும். காய்ந்த பிறகு துடைத்தால் பளபளப்புதான் மிஞ்சும், பூசின தடம் போய்விடும். துடைக்கிற வரைக்கும், எப்படிப் பூசினது என்று அந்த வெளுப்பிலேயே தெரியும்.

அவள் குனிந்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்பாவின் தடம் அவளுக்கு மனப்பாடம். முகப்பு விளக்கிலிருந்து கண்ணாடி வரைக்கும் நேர்க்கோடு, அதன் மேல் பாதி ஏறி இன்னொரு கோடு. இங்கே ஒரு கோடுகூட இல்லை. எல்லாம் வட்டம். வட்டத்துக்குள் வட்டம்.



"இது மெஷின்ல போட்டது."

"நீ போய் அம்மா பக்கத்துல உக்காரும்மா."

"சித்தப்பா, இது மெஷின்."

அதற்குள் ஷட்டருக்கு அடியில் குனிந்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நாற்காலி எத்தனை போடட்டும் என்று கேட்க வந்தவர், அவளைக் கண்டதும் கண் கலங்கிவிட்டார்.

"என்னம்மா இப்படி ஆயிடுச்சு? நேத்து இவர் என் கடை வாசல்லதான் நின்னு பேசிக்கிட்டு இருந்தார். உள்ள மெஷின் ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டேதாம்மா இருந்துச்சு."

"நாற்காலி இருபது போதும்" என்றார் சித்தப்பா அவசரமாக. கடைக்காரர் போனதும் ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

இவர் வெளியே நின்றாராம், உள்ளே மெஷின் ஓடியதாம். நன்றாக இருக்கிறதே கதை! டயர் கடைக்காரரும் கூட்டுப் போலிருக்கிறது. அவள் ஷெட்டைச் சல்லடையாகச் சலித்தாள். மெஷின் வழக்கமான கொக்கியில் இல்லை. காலி டப்பாக்களுக்குப் பின்னால், சாக்கில் சுற்றிக் கிடந்தது. பஞ்சுத் தட்டில் சீலன்ட் காய்ந்து அப்பியிருந்தது. கைப்பிடியில் நீலக் கட்டம் போட்ட துணியைத் தடிமனாகச் சுற்றி, சைக்கிள் ட்யூப் கிழித்துக் கட்டியிருந்தது. விசைப் பொத்தான் மேலும் ஒரு ட்யூப் துண்டு. கையை எடுத்தாலும் நிற்காது.

"ஒளிச்சு வேற வச்சிருக்கீங்க."

சித்தப்பாவின் திருட்டு முழியை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தாள்.

"மதியம் எடுக்கறப்ப முன்னால தோள் கொடுக்கப் போறது நீங்க. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும். அப்பா கடைசியா கேட்டது உங்க சண்டையா? அப்படின்னா உங்க தோள் அவருக்கு வேண்டாம்."

சித்தப்பா காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆமா. நான்தான் அவர் பக்கம் வந்து மெஷின் போட்டேன். பாத்துட்டுக் கத்தினார். அப்படியே சாஞ்சுட்டார். போதுமா?"

போதும் என்றுதான் நினைத்தாள். கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டாள். ஆனால் அடித்து ஒப்புக்கொள்ள வைத்தவள் போல அவளுக்கே உடம்பு கூசியது. அம்மாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று விறுவிறுவென்று கூடத்துக்குப் போனாள். மெஷினைச் சாக்கோடு ஷெட்டிலேயே போட்டுவிட்டாள்.

அம்மா அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அத்தை கையை நீட்டி, "விடு அண்ணி, பட்டன் நான் போடறேன்" என்றாள். அம்மா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"வேண்டாம். நான்தானே தெனமும் போட்டு விடறேன்."

"தெனமுமா?" என்றாள் மகள்.

"அவருக்குத்தான் வெரல் மடங்கலையே. ஒரு வருஷம் ஆச்சு. நீ பாக்கலையா, ஸ்பூன்ல சாப்பிட்டதை?"

பார்த்தாள். போன தடவை வந்தபோது பார்த்தாள். கையில் பாலிஷ் நாற்றம் போகமாட்டேன் என்கிறது, அதனால்தான் என்றார் அப்பா. அடுத்தவன் காரில் நகக்கீறலைக்கூட விடாதவள் அதை அப்படியே நம்பிவிட்டாள்.

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா நீ நூறு கேள்வி கேப்பே. கேள்வி கேட்டா அவருக்கு அழுகை வரும்." அம்மா கழுத்துப் பட்டனை மட்டும் போடாமல் விட்டாள். "அவருக்கு இறுக்கினா பிடிக்காது. அந்த நீலக் கட்டம் சட்டையைத்தான் போடணும்னு இருந்தேன். அதையும் கிழிச்சு எதுக்கோ ஷெட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டார் மனுஷன்."

அவள் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் வலது கையைத் தொட்டாள். விரல்கள் அரைகுறையாக விரிந்து, எதையோ பிடிக்கப் போய் நின்ற மாதிரி இருந்தன.

ஷெட்டுக்குத் திரும்பியபோது சித்தப்பா அதே இடத்தில் இருந்தார். இவ்வளவு நேரம் கிடைத்தும் பானெட்டைத் துடைக்கவில்லை. அவள் சாக்கிலிருந்து மெஷினை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பிடிங்க."

"எதுக்கு?"

"பிடிங்க சித்தப்பா."

அத்தனை துணி சுற்றிய கைப்பிடி அவர் கைக்குள் அடங்கவில்லை. விரலை நன்றாக மடக்கிப் பிடிக்கிற ஆளுக்கு அதில் பிடியே கிடைக்காது. அவர் அதை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது போல் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் பொய் சொன்னீங்க? நீங்க ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"சத்தியம் வாங்கிட்டார்மா." சித்தப்பா மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஷட்டரை இறக்கிட்டு அவர் போடுவார். நான் வெளிய நின்னு, எவனாவது வந்தா என் மெஷினைச் சும்மா ஓடவிட்டிருக்கேன்னு சொல்லணும். முதல் நாள் போட்டு முடிச்சுட்டு என்ன சொன்னார் தெரியுமா? 'நல்லாத்தான்டா இருக்கு, யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே'ன்னார். முப்பது வருஷம் என்னை வாய்க்கு வந்தபடி பேசினதுக்கு அவ்வளவுதான்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகையாக வந்தது.

"நேத்து டயர் கடையில நின்னேன். மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. வேலை நடக்குதுன்னு இருந்துட்டேன். டீ வேற குடிச்சேன். ஷட்டரைத் தூக்கிப் பாத்தா அவர் கீழ கெடக்கறார், இது பக்கத்துல சுத்திக்கிட்டே கெடக்குது." மெஷினைத் தரையில் வைத்தார். "நின்னிருந்தா நான் உடனே வந்திருப்பேன். இது நிக்கலையே."

பொத்தான் மேலிருந்த ட்யூப் துண்டை அவள் பார்த்தாள். விரலுக்கு வலு இல்லாதவர் கட்டிக்கொண்ட கட்டு.  சித்தப்பாவின் தோளில் கையை வைத்து அப்படியே நின்றாள்.

"இன்னிக்கு வர்றதுல பாதிப்பேர் நம்ம வண்டிக்காரங்க" என்றார் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அந்த வட்டத்தை ஒருத்தன் பாத்தாலும் போச்சு."

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். துணியை வாங்கித் தேய்த்துப் பார்த்தாள். காய்ந்து இறுகிவிட்டிருந்தது, அசையவில்லை.

"மேல புதுசா பூசினாத்தான் பழசு இளகும்" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டுப் பலகையைப் பார்த்தார்.

அவள் டப்பாவைத் திறந்து, பஞ்சில் கொஞ்சம் எடுத்து, முகப்பு விளக்கிலிருந்து கண்ணாடி வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். அதன் மேல் பாதி ஏறி இன்னொரு கோடு. மூன்றாவது கொஞ்சம் கோணலாகப் போயிற்று. வட்டங்கள் ஒவ்வொன்றாக அடியில் போயின. இளகினதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று துடைத்தார்கள். மஞ்சள் கோட்டைத் தாண்டி சித்தப்பா நின்றதற்கு ஆட்சேபணை சொல்ல ஆள் இல்லை.

அப்பாவை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பல் டாக்டர் வந்தார். கூடத்தில் நெடுநேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு ஷெட் பக்கம் வந்தார்.

"கடைசியா தொட்டது என் வண்டியையா?"

"ஆமா டாக்டர்" என்றார் சித்தப்பா தரையைப் பார்த்து.

டாக்டர் பானெட்டில் விரலை ஓட்டினார். ஓட்டிக்கொண்டே கேட்டார். "கையாலதானே?"

ஒரு பொய்யான வார்த்தையைக்கூட ரிப்போர்ட்டில் எழுதாதவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கையாலதான் டாக்டர்."

"தெரியுதே. மெஷின்ல இந்த வழவழப்பு வருமா?"

சித்தப்பா இருமுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளேயிருந்து அவரைத் தோள் கொடுக்கக் கூப்பிட்டார்கள். அவள், "போங்க சித்தப்பா, முன்னால நில்லுங்க" என்றாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. பக்கக் கண்ணாடியின் கருப்பு ஓரத்தில், மெஷின் சுழற்றித் தெறித்த வெள்ளைப் புள்ளி ஒன்று. அவள் நகர்ந்து டாக்டருக்கும் அதற்கும் நடுவில் நின்றுகொண்டு, கையைப் பின்னால் விட்டுக் கட்டைவிரலால் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.