மேல் வலது மூலை

உலகம் எப்படியெல்லாம் நாசமாகலாம் என்று யோசிப்பதற்கென்றே அந்த அலுவலகம் நடந்துவந்தது. உள்ளே ஆளுக்கொரு ஆபத்து. பூகம்பத்துக்கு ஒருவர், கொள்ளைநோய்க்கு ஒரு அம்மாள், போருக்கு இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நாளாக ஆக ஆபத்தே ஆளுக்குப் பெயராகிவிட்டது. சூரியப் புயலை வைத்துச் சம்பளம் வாங்கியவரை எல்லாரும் 'வெயில்' என்றார்கள். சூரியன் ஒருநாள் சீறினால் உலகத்து மின்கம்பிகள் அத்தனையும் கருகிவிடும் என்பது அவர் கட்சி. தண்ணீர்ப் பஞ்சத்தைப் பார்த்துக்கொண்டவர் 'குழாய்'.

குழாய், வெயிலுக்குச் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர். வேலை இல்லாமல் திரிந்த மனிதரைக் கையைப் பிடித்து இந்த அலுவலகத்துக்குள் கூட்டிவந்தது சாட்சாத் வெயில்தான். அந்த நல்ல காரியத்தை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

ஆண்டுக்கொருமுறை கூட்ட அறைச் சுவரில் ஒரு பெரிய அட்டை ஏறும். இடமிருந்து வலமாகப் போகப் போக, ஆபத்து வர வாய்ப்பு அதிகம். கீழிருந்து மேலே போகப் போக, வந்தால் அடி அதிகம். ஒவ்வோர் ஆபத்துக்கும் ஒரு நிறத்தில் பொட்டு. எல்லாரும் எல்லா ஆபத்துக்கும் ஒட்ட வேண்டும். எந்த நிறம் மேல் வலது மூலையில் மொய்க்கிறதோ, அந்த ஆள் உலக மாநாட்டில் பேசப் போவார். கடலோர ஓட்டல், மனைவிக்கும் சேர்த்து டிக்கெட்.

வெயிலின் மஞ்சள் பொட்டுகள் எப்போதும் மேல் இடது மூலையில் தூங்கும். வந்தால் உலகமே காலி, ஆனால் வராது என்று அர்த்தம். குழாயின் நீலமோ கீழே ஆரம்பித்து, வருஷத்துக்கு ஒரு சாண் என்று வலதுபக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. வெயில் மட்டும் தன் நீலப் பொட்டைத் தவறாமல் கீழ் இடது மூலையில், கட்டைவிரலால் நசுக்கி ஒட்டுவார்.

"தங்கச்சி போன் பண்ணினா," என்றாள் மனைவி, ஓட்டெடுப்புக்கு முந்தின நாள். "அவர் டிவியில வந்தாராம்."

"மழை ஏன் பெய்யலைன்னு கேட்டிருப்பான். பெய்யலைன்னு சொல்லியிருப்பான். இதுக்கு ஒரு டிவி!"

"அதையாவது சொல்றாரே. நீங்க சொல்ற புயல் எப்பங்க வரும்?"

"எப்ப வேணா வரும்."

"இதத்தான் கல்யாணம் ஆன புதுசுலயும் சொன்னீங்க." அவள் கட்டிலுக்கடியில் கையைக் காட்டினாள். மாநாட்டுக்கென்று எப்போதோ வாங்கிய பெரிய பெட்டி, விலைச்சீட்டு கழற்றாமல் கிடந்தது. "இந்தத் தடவையும் இல்லேன்னா அதுல கம்பளி வச்சுக்கப் போறேன்."

வெயில் புரண்டு படுத்து யோசித்தார். ஜனங்கள் எதற்குப் பயப்படுகிறார்கள்? கணக்குக்கா, வரைபடத்துக்கா? நேற்று சுட்டதற்குத்தான் பயப்படுகிறார்கள். கொள்ளைநோய் அம்மாள் ஜெயித்த வருஷம் அலுவலகம் முழுக்க இருமிக்கொண்டிருந்ததே! அப்படியானால் இவர்களுக்கு வேண்டியது விளக்கமல்ல, ஒரு சூடு.

மறுநாள் காலை, வேலை தொடங்கிய கையோடு, கீழ்த்தளத்துக்குப் போய்க் கட்டடத்தின் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, அதன் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மின்சாரம் இல்லாத உலகத்தைச் சாயங்கால ஓட்டெடுப்பு வரை ருசிக்கட்டும்.

ருசித்தார்கள்தான். கணினி அணைந்தது, எல்லாரும் கையை நீட்டிச் சோம்பல் முறித்தார்கள். ஜன்னல்களைத் திறந்தார்கள், காற்று வந்தது. பேச்சுவார்த்தை இல்லாத போர்க்காரர்கள் இரண்டு பேரும் சீட்டாட உட்கார்ந்தார்கள்.

"மெயில் இல்ல, மீட்டிங் இல்ல, சொர்க்கம்!" என்றார் பூகம்பம். "யோவ் வெயில், உன் புயல் இப்படித்தான் இருக்கும்னா நாளைக்கே வரச் சொல்லுய்யா."

வெயிலுக்கு முகம் கருகிப்போனது. ஆனாலும் பொறுத்துக்கொண்டார். மத்தியானத்துக்குமேல் நிலைமை மாறியது. மோட்டார் ஓடவில்லை. மொட்டைமாடித் தொட்டி காலி. ஒவ்வொரு மாடியிலும் கழிப்பறைக் கதவைத் திறந்தவர்கள் திறந்த வேகத்தில் சாத்தினார்கள். கொள்ளைநோய் அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, தன் ஆபத்துக்கும் இதில் பங்குண்டு என்று வாதாடிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மின்சாரம் நின்றால் முதலில் நிற்பது தண்ணீர் என்று வெயிலே தன் அறிக்கையில் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தார். அந்த அறிக்கையை யாரும் படித்ததில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. எழுதியவரும் மறுபடி படித்ததில்லை என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சாவியோடு கீழே ஓடினார். அங்கே இயக்குநர் காவலாளியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "பூட்டியிருக்குய்யா! எவன் பூட்டினான்? சிக்கட்டும், வேலைய விட்டே தூக்கறேன்!" வெயில் வந்த வழியே திரும்பினார். சட்டைப்பையில் சாவி கனத்தது. அதைவிடக் கனத்தது அடிவயிறு. சூடு போடும் உற்சாகத்தில் காலையிலிருந்து டீயாகக் குடித்துத் தள்ளியிருந்தார்.

குழாய் வெளியே போய்ப் பாட்டில் தண்ணீர் வாங்கிவந்து ஆளாளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, ஒரு வாய் குடிங்க. முகமெல்லாம் வேர்த்திருக்கு."

"வேண்டாம்டா," என்றார் வெயில், கால்களைப் பின்னிக்கொண்டு. "தயவுசெஞ்சு அதை என் கண்ணுல காட்டாதே."

ஓட்டெடுப்பு தொடங்கியது. ஆட்கள் வரிசையாக நெளிந்தபடி வந்தார்கள். நீலம், நீலம், மறுபடி நீலம். மேல் வலது மூலையில் இடமில்லாமல் ஒருவர் அட்டைக்கு வெளியே, சுவரிலேயே ஒட்டினார். மஞ்சளையெல்லாம் கீழே ஒட்டினார்கள். காற்றாட உட்கார்ந்திருந்தது எல்லாருக்கும் பிடித்திருந்தது.

கடைசியில் வெயில் வந்தார். மஞ்சளை மேல் வலது மூலையில் ஒட்டினார். பிறகு நீலப் பொட்டைக் கட்டைவிரலில் எடுத்துக்கொண்டு, வழக்கமான இடத்துக்குக் குனியப் பார்த்தார். குனிய முடியவில்லை. அடிவயிறு விடவில்லை. உலகத்தில் இப்போது எது இல்லாமல் இருக்க முடியாது என்று உடம்பு முழுக்கத் தெரிந்த ஒரு மனிதரின் கை, அவரைக் கேட்காமலே மேலே போனது. மேலே, வலது பக்கம், சகலையின் பொட்டுகளுக்கு நடுவே.

"அண்ணே!" குழாய் அவர் கையைப் பிடிக்க வந்தார். "நீங்க கூடவா!"

வெயில் அதற்குள் பக்கத்துக் கட்டடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனி, குழாயோடு பெட்டி கேட்டு வந்தாள். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துக்கொடுத்த மனைவி புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாமா, உங்க ஓட்டு விழுந்ததுல இவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல, தெரியுமா?" என்றாள் மைத்துனி. "கூடப் பிறந்தவங்க கூட இப்படிச் செய்ய மாட்டாங்கன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு."

குழாய் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "அண்ணே, அந்த ஸ்விட்சப் பூட்டினவன் இன்னும் சிக்கல. எவனா இருந்தாலும் மகராசனா இருக்கட்டும். மாநாட்டுல என் பேச்சையே அவனுக்கு நன்றி சொல்லித்தான் ஆரம்பிக்கப் போறேன்."

வெயில் சட்டைப்பையில் கையை விட்டு, சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"விலைச்சீட்டைக் கிழிச்சிட்டு எடுத்துட்டுப் போ," என்றார்.